மதில் தாண்டிப் போன தூக்குச்சட்டி

குற்றாலத்துக்கு உடம்பு தேற வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. தின்றது செரிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனி பிறந்ததும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். எவனாவது ஒருவன் முதுகில் ஏறி மிதித்து எண்ணெய் தேய்ப்பான். அருவியில் போய் நின்றால் பசிக்கும். பசித்தால் தின்பார்கள். தின்றது செரிக்காவிட்டால் ஐந்தருவிக்குப் போவார்கள். ஐம்பத்தொன்பதாம் வருஷத்துச் சாரலில் இப்படி வந்த கூட்டத்துக்கு நடுவே நிஜமாகவே உடம்பு தேற வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். ஆவுடை என்று பெயர். அவள் ஒருத்திதான் அருவிப் பக்கம் தலை காட்டக் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும் என்று உத்தரவு.

ஆவுடைக்கு அப்போது இருபத்தாறு வயது. தென்காசியில் பிறந்தவள். பிறந்தன்றைக்கு ஆண்பிள்ளை என்று தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்து ஆவுடைநாயகம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கற்கண்டு கொடுத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். வளர வளர அது ஆண்பிள்ளை இல்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது, தெருவுக்கும் தெரிந்தது, வீட்டுக்கு மட்டும் தெரியவில்லை. பத்தொன்பதாவது வயதில் அவள் சேலை கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த அண்ணன் பரமசிவன், நடுத்தெருவில் வைத்து அந்தச் சேலையைக் கிழித்தான். அவன் ஜவுளிக்கடைக்காரன். துணி கிழிப்பதில் தேர்ந்த கை.

அன்றைக்குக் கிளம்பியவள் கடையநல்லூரில் ரஹ்மத்திடம் போய்ச் சேர்ந்தாள். ரஹ்மத்தும் அப்படித்தான், தறிக்காரர் வீட்டில் ஆணென்று பிறந்து, பெண்ணாக வாழ்ந்து ஐம்பது வயதைத் தாண்டியவள். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அடுப்புக்கு ரஹ்மத்தும் அவள் பிள்ளைகளும்தான். ரஹ்மத் பெற்ற பிள்ளைகள் இல்லை. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு அவளிடம் வந்து சேர்ந்த பிள்ளைகள். அவர்கள் ஆக்கிப் போட்டதை ஊர் பந்தியில் உட்கார்ந்து விரலை நக்கித் தின்னும். ஆக்கினவர்கள் அதே பந்தியில் ஓரமாக உட்கார்ந்தால் மட்டும் ஊருக்குக் குமட்டிக்கொண்டு வரும். நல்ல வயிறு அது, ஆளைப் பார்த்துக் குமட்டுகிற வயிறு.

ஏழு வருஷம் கரண்டி பிடித்த பிறகு ரஹ்மத் அவளை வடக்கே கூட்டிக்கொண்டு போனாள். போர்டு மாட்டாத ஒரு வீட்டில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் கையால் அந்த அறுவை நடந்தது. அவர்கள் வழக்கில் அதற்கு நிர்வாணம் என்று பெயர். உடம்பில் தனக்குச் சொந்தமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது போயிற்று என்று ஆவுடை நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆனால் புண் ஆற வேண்டுமே. நாற்பது நாள் பத்தியம், நாற்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் புதுச்சேலை கட்டுவார்கள். ரஹ்மத் சமைத்துக் கொடுத்த கல்யாண வீட்டுக்காரர் ஒருவருக்கு ஐந்தருவி ரோட்டில் ஒரு சின்ன வீடு இருந்தது. ஐந்தாம் நாள் ரயிலில் வந்து இறங்கி அதில் போய்ப் படுத்தாள்.

ரஹ்மத்தின் பத்தியத்தைக் கேட்டால் சாமியாரே ஓடிப்போவான். பால் கூடாது, சீழ் வைக்கும். பழம் கூடாது, குளிர்ச்சி. பருப்பு வாயு, முட்டை சூடு. கடுங்காப்பி, கோதுமை ரொட்டி, மிளகு ரசம். மூன்று வேளையும் அதுதான். கண்ணாடி பார்க்கக் கூடாது, தலை சீவக் கூடாது, ஆண்பிள்ளை முகத்தில் விழிக்கக் கூடாது, வெளிக்கை ஆக்கின எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஆயிரம் பேருக்கு நெய்ச்சோறு வடித்துக் கொட்டுகிறவள், பெற்ற பிள்ளையாக நினைக்கிற ஒருத்திக்கு வறட்டு ரொட்டியைத் தட்டிப் போட்டாள். எனக்கும் என்னய எடுத்து வளத்த உம்மாக்காரி இதைத்தான் போட்டா, நான் என்ன செத்தா போயிட்டேன் என்பாள். செத்துப்போனவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாது என்கிற தைரியம்.

மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டு மாற்ற நல்லதம்பி என்கிற கம்பவுண்டர் சைக்கிளில் வருவார். விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்காத ஒரே மனுஷன் என்பதால் ரஹ்மத் அவரை உள்ளே விட்டாள். ஆண்முகம் ஆயிற்றே என்று அவர் வந்து போகும்வரை ஆவுடையின் முகத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவாள். நல்லதம்பி அந்தத் துண்டைப் பார்த்துப் பேசுவார். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும், பாலும் முட்டையும் உளுந்தும் பயறும் உள்ளே போனால்தான் சதை கூடும் என்பார். பாட்டில் கழுவினவனெல்லாம் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான் என்று ரஹ்மத் அவர் காதுபடவே சொல்வாள். இவள் படித்த படிப்பு அதைவிடப் பெரிது பாருங்கள். துண்டுக்கு அடியில் கிடந்தவளை மட்டும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டாள். அவள் நினைப்பெல்லாம் தென்காசியில் இருந்தது.

தென்காசியில் அவளுக்கு ஒரு அக்கா, முப்பிடாதியம்மாள். இவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கல்யாணமாகி மூன்றாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி பரமசிவன் வீட்டுக்குத் திரும்பி வந்து, அவன் வீட்டு அடுப்பை ஊதிக்கொண்டு கிடந்தாள். விதவையான அக்காவுக்குச் சோறு போடுகிற பெரிய மனசு என்று ஊர் பரமசிவனைப் பாராட்டும். அந்தச் சோற்றையும் அவள்தான் பொங்கினாள் என்பது ஊர்க் கணக்கில் வராது. ஆவுடை அண்ணனை மனசிலிருந்து வெட்டிப் போட்டுவிட்டாள், தெருவை வெட்டிப் போட்டுவிட்டாள். அக்காவை மட்டும் முடியவில்லை. அக்கா எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பதால், எட்டாம் நாள் ரஹ்மத்தையே நேரில் அனுப்பினாள்.

சொல்லிவிட்ட சேதி இதுதான்: எனக்கு ஆபரேஷன் முடிஞ்சிட்டு. இனிமே நான் ஒனக்குத் தம்பி இல்ல, தங்கச்சி. ஒத்துக்கிடுதியா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லு. இல்லன்னா நாப்பது முடிஞ்சதும் பம்பாய்க்கு ரயிலேறிப் போயிருதேன், அப்புறம் ஒருத்தரும் என்னைத் தேடாண்டாம்.

ரஹ்மத் பின்வாசல் வழியாகப் போய்க் கிணற்றடியில் வைத்துச் சொன்னாள். முப்பிடாதியம்மாள் வாளியைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம். வாயே திறக்கவில்லையாம். ரஹ்மத் அதைச் சொல்லிவிட்டு, பொறந்த வீடுன்னு நம்பினா இப்படித்தான் என்று ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவுடை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போதும் அவளுக்குப் பாழாய்ப்போன நம்பிக்கை விடவில்லை. அக்கா யோசிக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பத்தாம் நாள் பரமசிவன் வந்தான். ஸ்டேஷனில் அவளைக் கைத்தாங்கலாக இறக்கியதை எவனோ பார்த்துவிட்டுப் போய், விஷயத்தையும் விசாரித்துச் சொல்லியிருக்கிறான். ஆண்பிள்ளைகளுக்கு உள்ளே இடமில்லை என்று ரஹ்மத் வாசலை மறித்துக்கொண்டு நிற்க, அவன் சாரலில் குடையோடு ஜன்னலண்டை வந்து நின்றான். கையில் ஒரு தூக்குச்சட்டி. அக்காவுடைய சட்டிதான், மூடியில் இருந்த நெளிசலைப் பார்த்ததுமே ஆவுடைக்குத் தெரிந்தது. 

அவன் தங்கையிடம் பேச வரவில்லை, கடை வேலைக்கு ஆள் பிடிக்கிறவனைப்போல் பேசினான். ஊரில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியாயிற்றாம். எல்லோரும் நம்பிவிட்டார்களாம். எதிர்வீட்டுக்காரர்கள் முருங்கைக்காயும், வடக்குத் தெருக்காரர்கள் நாட்டுக்கோழியும் கொடுத்தார்களாம், அதையெல்லாம் இவனே தின்றுவிட்டானாம். சட்டியைத் திறந்து ஜன்னல் கம்பிக்கு நேரே காட்டினான். ஆட்டுக்கால் சூப்பு. இடுப்பிலிருந்து ஒரு டப்பாவையும் எடுத்தான். மேலே சிங்கம் படம் ஒட்டியிருந்தது.

"அக்கா குடுத்தனுப்பினா. இது ஆம்பளைக்குள்ள லேகியம், ராத்திரி ஒரு நெல்லிக்கா அளவு. தின்னு தேறி, முடியை வெட்டிக்கிட்டு, லெட்சணமா வந்து கடையில ஒக்காரு. ஆவணியில பொண்ணு பாத்திரலாம்."

அறுத்தது திரும்ப முளைக்கும் என்று லேகியக்காரன் உத்தரவாதம் கொடுத்தானா என்று ஆவுடை உள்ளே இருந்து கேட்டாள். பரமசிவன் காதில் விழாதமாதிரி டப்பாவை ஜன்னலில் வைத்து, சூப்பை ரஹ்மத் வைத்திருந்த ஏனத்தில் கொட்டிவிட்டு, வெறுஞ்சட்டியோடு குடையைச் சாய்த்துக்கொண்டு போனான். அவன் காது எப்போதும் அவனுக்கு வேண்டியதை மட்டும் கேட்கும்.

டப்பா ஓடைக்குப் போயிற்று. சூப்பு நாய்க்குப் போயிற்று. அண்ணன் பேசியதில் ஆவுடைக்கு ஒன்றும் புதிதாக வலிக்கவில்லை. ஆனால் அது அக்காவின் சட்டி. ஒரு வார்த்தை கேட்டதற்கு அக்கா ஆம்பளைக்குள்ள சூப்பை அனுப்பியிருக்கிறாள். இதைவிடத் தெளிவாக யாரும் பதில் சொல்ல முடியாது. அன்றைக்கு அவள் அழுதாள். அழுது முடித்ததும் ரஹ்மத்தைக் கூப்பிட்டு, பம்பாய் ரயில் என்றைக்கு என்று விசாரித்து வைக்கச் சொன்னாள்.

ஒருநாள் விட்டு மறுநாள், காலை பத்து மணி பஸ்ஸில் அதே தூக்குச்சட்டி வந்தது. மூடிமேல் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கூடவே ஒரு சின்னத் துணி முடிச்சு. கண்டக்டர் மசூது கொண்டுவந்து வாசலில் வைத்து, தென்காசியில அந்த அக்கா குடுத்தாக என்றான். வெறுஞ்சட்டியைச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வானாம்.

"தெறக்காத உம்மா" என்றாள் ஆவுடை. "மதிலுக்கு அந்தப் பக்கம் குடுத்திரு."

மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சங்கரநாராயணன். கோவில்பட்டிப் பக்கம் பெரிய பண்ணைக்காரர். வாயு, பித்தம், மூட்டுவலி என்று ஏழெட்டு வியாதிகளை அழைத்துக்கொண்டு, சம்சாரத்தோடு ஒரு மாதத்துக்கு வந்து இறங்கியிருந்தார். காலையில் பேரருவி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் ஐந்தருவி. நடுநடுவே, டாக்டர் என்னை அதிகம் திங்கக் கூடாதுன்னுட்டார் என்று எல்லோரிடமும் வருத்தப்படுவார். தென்காசி ஜவுளிக்கடைக்காரர் வீட்டுச் சாப்பாடு, பத்தியக்காரருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ரஹ்மத் சட்டியை நீட்டியதும், யார் கை, எந்தக் கை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பந்தியில் ரஹ்மத் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து ஓடுகிற ரகம்தான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. சட்டி வரும், முடிச்சு வரும், இரண்டும் மதில் தாண்டிப் போகும், சட்டி மட்டும் கழுவித் திரும்பி வரும். நல்லெண்ணெய் வாசனை லேசாக அடிக்கத்தான் செய்தது. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் எண்ணெய் வாசனை அடிப்பதை யார் கவனிப்பார்கள், ஊரே எண்ணெயில்தான் வழுக்கிக்கொண்டு திரிகிறது. ரஹ்மத்துக்கு ஒருநாள் சபலம் தட்டி முடிச்சில் கை வைத்தாள். சமையல்காரி இல்லையா. ஆவுடை பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டாள். ஆட்டுக்கால், ஈரல், முருங்கைப்பூ, நாட்டுக்கோழி என்று ஆவுடை படுத்தபடியே தினம் ஒன்றாக ஊகித்து, ஒவ்வொன்றையும் வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசுவதில் ஒரு சுகம் இருந்தது. வயிறு காலியாக இருக்கும்போது அந்த ஒரு சுகம்தான் நிறையக் கிடைத்தது.

உடம்பு மட்டும் ஏறவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. எழுந்து நின்றால் கண் இருட்டியது. இருபதாம் நாள் வாக்கில் சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. நல்லதம்பி துண்டைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு ரஹ்மத்தின் முகத்தைப் பார்த்தே பேசினார். புண் ஓரம் கூடவில்லை, உடம்பில் சத்தில்லை, இப்படியே போனால் நாற்பதாம் நாள் சேலை கட்ட ஆள் இருக்க மாட்டாள் என்றார். ரஹ்மத் அவரை ஏசவில்லை. அவர் சைக்கிள் போனதும் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்து, குடிட்டி என்றாள். சட்டத்தில் அவ்வளவுதான் தளர்ச்சி. முட்டைக்கு அவள் மனசு இன்னும் இறங்கவில்லை. ஆவுடையும் கேட்கவில்லை. பம்பாய்க்குப் போக முடிந்தால் போவது, முடியாவிட்டால் இங்கேயே போவது, இரண்டும் அவளுக்கு ஒன்றுபோல் ஆகியிருந்தது.

பதினாறு நாள் வந்த சட்டி பதினேழாம் நாள் வரவில்லை. பத்து மணி பஸ் நிற்காமல் போனதை ஆவுடை காதால் கேட்டாள். சரி, அக்காவுக்கும் அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மதில் அருகே வளையல் சத்தம் கேட்டது. சங்கரநாராயணனின் சம்சாரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பூசிய முகம், நல்ல சுபாவம், புருஷனை ஒரு பொருட்டாக மதிக்காத தெளிவு. கையில் வெற்றிலை பாக்கு, பூ வைத்த ஒரு தட்டு இருந்தது. ஆவுடைக்கு ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

"இன்னைக்குத்தான தலைக்குத் தண்ணி?" என்று அவள் ரஹ்மத்தைக் கேட்டாள். "பிள்ளைக்குப் பூ கொண்டாந்தேன். எங்க வீட்டுக்காரர் பதினாறு நாளும் அது பங்கைத் தின்னுருக்காருல்லா, சும்மா இருந்தா நல்லா இருக்குமா?"

எந்தப் பிள்ளை என்று ரஹ்மத்துக்கு விளங்கவில்லை. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். தினமும் உளுந்தங்களி, உருண்டை பிடித்து நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றினது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெந்தயக்களி. முடிச்சில் தவிட்டுக்குள் பொதிந்து ஒரு நாட்டுக்கோழி முட்டை. சமைந்த பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பதினாறு நாள் கொடுக்கிற சாப்பாடு என்று பார்த்ததுமே தெரியாதா? உங்கள் வீட்டில் ஏதோ பெண்பிள்ளை பெரியவளாகியிருக்கிறது, வழக்கப்படி அக்கம்பக்கத்துக்கும் களி கொடுக்கிறீர்கள் என்று இவள் நினைத்துக்கொண்டாளாம். இது பொம்பளைப் பிள்ளைக்குள்ளது, நீரு ஏன்வே முழுங்குதீரு என்று புருஷனைக் கேட்டதற்கு, இடுப்பு எல்லாருக்கும் ஒண்ணுதான் என்று பச்சை முட்டையை உடைத்துக் குடித்துவிட்டு, அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெயையும் விட்டுக் குடித்தாராம். மூட்டுவலி இப்போது சுத்தமாக இல்லையாம்.

ரஹ்மத் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, பாயோரம் வைத்தாள். ஆவுடை எழுந்து உட்கார்ந்திருந்தாள். பதிமூன்று வயதில் நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. சித்தி மகள் சமைந்து ஓலைக் குச்சிலுக்குள் உட்கார்ந்திருந்தபோது, எனக்கும் அந்தக் களி வேண்டும், என்னையும் உள்ளே உட்கார வை என்று குச்சில் வாசலில் நின்று அழுதாள். ஆம்பளைப் பயலுக்கு என்னலே களி என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றது அக்கா ஒருத்தி. அவள் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

அக்கா பேசத் தெரியாதவள். அவளுக்குத் தெரிந்தது உளுந்து திரிப்பதுதான். ஒரு வார்த்தை கேட்டதற்குப் பதினாறு நாள் பதில் சொல்லியிருக்கிறாள். உலகத்திலுள்ள எல்லோரையும் எடைபோட்டுத் தூக்கி எறிகிற பெரிய அறிவாளி ஆவுடை, ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்க்கத் துப்பில்லாமல், அத்தனையையும் ஒரு மூட்டுவலிக்காரருக்கு வார்த்திருக்கிறாள். பரமசிவன் தனக்கு வேண்டியதைத்தான் கேட்பான் என்று சிரித்தாளே, இவள் காது மட்டும் என்ன வாழ்ந்தது? தன்மேல் இவ்வளவு இளக்காரம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை. ஊர் கொடுத்ததை எல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது.

பகல் ஒரு மணி பஸ் வாசலில் நின்றது. முப்பிடாதியம்மாள் இறங்கினாள். வெள்ளைச் சேலை, அக்குளில் ஒரு துணிமூட்டை. மசூது இன்னொரு பையை இறக்கி வைத்துவிட்டுப் போனான். அவள் வாசலில் செருப்பில்லாத காலைத் துடைத்துக்கொண்டு, ரஹ்மத்தைப் பார்த்து ஒரு தலையசைப்போடு உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பதினாறு நாள் களி தின்ற பிள்ளை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முகம் மினுங்கும், கன்னம் திரளும், உட்கார்ந்தால் பாய் நிறையும். அந்த நினைப்போடு வந்தவள் முன்னால், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, தலை சிக்குப் பிடித்து, கம்பிமாதிரி ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. அவள் பார்வை மூலையில் கிடந்த காய்ந்த ரொட்டிக்குப் போய்த் திரும்பி வந்தது.

"களி தின்ன ஒடம்பா இது?" என்றாள்.

பொய் சொல்ல ஆவுடைக்கு வாய் வந்தது. காய்ச்சல் என்று சொல்லலாம், ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம். ஏழு வருஷமாக எந்தக் கேள்விக்கும் சூடாகப் பதில் வைத்திருக்கிற வாய். ஆனால் எதிரே நின்றவள் கையில் திரிகை பிடித்த கொப்புளம் தெரிந்தது.

"தின்னலக்கா. ஒரு நாளும் தின்னல. தொறந்தே பாக்கல. நீயும் ஆம்பளைச் சாப்பாடுதான் அனுப்புதேன்னு நெனச்சு அடுத்த வீட்டுக்குக் குடுத்திட்டேன்."

முப்பிடாதியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். ஆட்டுக்கால் சூப்பு அவள் ஆக்கினது இல்லையாம். பரமசிவன் சாப்பாட்டுக் கடையில் வாங்கி, சட்டியை மட்டும் அடுக்களையிலிருந்து கேட்காமல் எடுத்துப் போனானாம். அன்றைக்கு ராத்திரி அவன் பெருமையாகச் சொன்னபோதுதான் இவளுக்கே தெரிந்ததாம். மறுநாளே உளுந்தை ஊறப்போடாமல் வறுத்துத் திரிக்க ஆரம்பித்திருக்கிறாள். வயசுப்பிள்ளை இல்லாத வீட்டில் யாருக்கு இத்தனை களி என்று பரமசிவன் கேட்டபோது, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு என்றாளாம். தெருவில் கேட்டவர்களுக்கும் அதுதான். பதினாறு நாளும் அவள் அதில் ஒரு விரல்கூட வாயில் வைக்கவில்லை. இன்றைக்குக் காலையில், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் இடுப்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாளாம். மூட்டைக்குள் தன் மாற்றுச் சேலை இரண்டையும் வைத்துக்கொண்டு கிளம்பினவளை, எப்போது வருவாய் என்று பரமசிவன் கேட்கவில்லையாம். இவளும் சொல்லவில்லையாம்.

இதையெல்லாம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு, சொல்லி முடித்த பிறகுதான் கோபம் வந்தது.

"ஏட்டி, என்னய என்னன்னு நெனச்சே நீ? பேசாம இருந்தா ஒண்ணும் தெரியாதவளா? கை வலிக்க வலிக்கத் திரிச்சு அனுப்புதேன், மகாராணி தொறந்து பாக்க மாட்டியோ? எவனோ ஒருத்தன் மூட்டுவலிக்கா நான் உளுந்து வறுத்தேன்?"

ஆவுடையை ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஏசியிருக்கிறார்கள். இந்த ஏச்சு முடியாமல் நீண்டுகொண்டே போகக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது. கண்ணில் நீர் வழிய, அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பையைத் திறந்தாள். உளுந்தமாவு, கருப்பட்டி, நல்லெண்ணெய், தவிட்டுக்குள் முட்டை, எல்லாம் இருந்தது. ஆவுடைக்கென்று பச்சைச் சேலை ஒன்றும் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் பைக்குள்ளேயே வைத்தாள்.

"தலைக்குத் தண்ணி ஊத்தலாம்னு வந்தேன். அதுக்கு இப்பம் அவசரமில்ல. இன்னைக்குத்தான் ஒண்ணாம் நாளு" என்றாள். பிறகு ரஹ்மத்தைப் பார்த்து, "அடுப்பு எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

ரஹ்மத் அடுக்களை வாசலில் நின்றாள். வெளிக்கை ஆக்கினது கூடாது என்ற சட்டம் அவள் தொண்டை வரைக்கும் வந்திருக்கும். முப்பது வருஷமாக இன்னொருத்தி கையில் கரண்டியைக் கொடுத்தறியாதவள். நாற்பது நாள் முடியட்டும் என்று ஆரம்பித்தவள், அக்காக்காரியின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தி, வழியை விட்டு விலகி நின்றாள். அடுப்பை அவளே மூட்டிக் கொடுத்தாள். பாகு பதம் பார்க்கும்போது இன்னும் ஒரு கொதி வரட்டும் என்று சொன்னாள். நீங்க சும்மா இருங்கம்மா என்று பதில் வந்தது. ரஹ்மத்தை அப்படிச் சொன்ன முதல் ஆள் முப்பிடாதியம்மாளாகத்தான் இருக்கும்.

அரைமணி நேரத்தில் களி வந்தது. கறுப்பாக, சூடாக, நடுவில் குழித்து எண்ணெய் நிறைந்து. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சங்கரநாராயணன், இன்னைக்குச் சட்டி வரலியா என்று சம்சாரத்திடம் கேட்கும் சத்தம் வந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முப்பிடாதியம்மாள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு உருண்டையை எண்ணெயில் தோய்த்து நீட்டினாள். ஆவுடை வாயில் வாங்கினாள். மென்றாள்.  அழுகையை மறைக்க அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்.

"கருப்பட்டி கம்மி" என்றாள்.

"வாயை மூடிக்கிட்டுத் தின்னுட்டி" என்று அக்கா அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.